இச்சொன் ஊரும் நிலாச்சாடியும்: ஒரு நாளில் எதைப் பார்ப்பது, குயவரிடம் எதைக் கேட்பது?

#1 திண்ணைக்காரி

சியோலில் மூன்று நாள் தங்கல். அதில் ஒரு நாள் இச்சொனுக்கு. அங்கே நிலாச்சாடி (பெரிய உருண்டை வெள்ளைப் பீங்கான் சாடி) வனையும் கலைஞர் ஒருவர் ஒரு மணி நேரம் பேசச் சம்மதித்திருக்கிறார். படைப்பாற்றல் பற்றித்தான் பேச்சு. மொழிபெயர்ப்பாளர் கிடையாது, கைப்பேசிச் செயலிதான். எப்படிப் போவது, போகும் முன் எதைத் தெரிந்துகொள்வது, என்ன கேட்டால் உருப்படியான பதில் வரும்? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ரயில்பித்தன்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இஞ்சொன் என்பது விமான நிலையம் இருக்கும் துறைமுக நகரம், சியோலுக்கு மேற்கே. இச்சொன் என்பது நீங்கள் போக வேண்டிய மட்பாண்ட ஊர், தென்கிழக்கே. இச்சோன் என்று நெடிலில் நான் எழுதுவது சியோலுக்குள்ளேயே இருக்கும் ஒரு மெட்ரோ நிலையம், தேசிய அருங்காட்சியகத்துக்கு இறங்கும் இடம். ஆங்கில எழுத்தில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். டாக்ஸிக்காரரிடம் வாயால் சொல்லாதீர்கள், கொரிய எழுத்தில் காட்டுங்கள்.

இன்னொரு பொறி: குவாங்ஜு. தென்மேற்கே பியென்னாலே என்ற ஈராண்டுக் கலைக் கண்காட்சி நடக்கும் பெருநகரம் ஒன்று. இச்சொன் போகும் வழியிலேயே இருக்கும் சிறிய குவாங்ஜு இன்னொன்று. வெள்ளைப் பீங்கானுக்கு உரியது இந்தச் சிறியது. ரயில் நிலையத்துக்கே 'கியோங்கி குவாங்ஜு' என்றுதான் பெயர்.

வழி: காங்நாமிலிருந்து சின்புந்தாங் தடத்தில் பான்க்யோ. அங்கே கியோங்காங் தடத்துக்கு மாறுங்கள். 2016-இல் திறந்த தடம். அதற்கு முன் பேருந்து ஒன்றே கதி. பான்க்யோவிலிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். இச்சொன் நிலையம் வரை போக வேண்டாம், அதற்கு ஒரு நிறுத்தம் முன்னால் சின்துன் தோயேச்சோன் என்று வரும். 'தோயேச்சோன்' என்றாலே மட்பாண்டக் கலைஞர் ஊர். பட்டறைகள் கூட்டமாக இருக்கும் யேஸ் பார்க் அங்கிருந்து டாக்ஸியில் பத்து நிமிடத்துக்குள். நகரப் பேருந்து உண்டு, ஆனால் இடைவெளி பெரிது. ரயிலும் சியோல் மெட்ரோ மாதிரி நிமிடத்துக்கு ஒன்று வராது, ஒன்றை விட்டால் இருபது நிமிடம் நிற்க நேரலாம். சந்திப்பு நேரத்துக்கு அரை மணி முன்பே போய்ச் சேருமாறு திட்டமிடுங்கள்.

கூகுள் வரைபடம் கொரியாவில் நடைவழிக்கு உதவாது. நேவர் மேப் அல்லது காக்கோ மேப் இறக்கிக்கொள்ளுங்கள். டாக்ஸிக்கு காக்கோ டி. கட்டணத்துக்கு டி-மணி அட்டை, ரயிலுக்கும் பேருந்துக்கும் அதுவே.

#3 சூளைச்சாம்பல்

போகும் முன் சாடி எப்படி உருவாகிறது என்று தெரிந்திருந்தால் பேச்சில் பாதி வேலை முடிந்துவிடும். சுருக்கமாக எழுத முயல்கிறேன், நீளும்.

நிலாச்சாடி, கொரியத்தில் தல்ஹாங்ஆரி. வெள்ளைப் பீங்கான் மண்ணால் ஆன பெரிய உருண்டைச் சாடி, உயரம் பொதுவாக 40 சென்டிமீட்டருக்கு மேல். பீங்கான் மண்ணுக்கு நம் செம்மண் களிமண் போல இழுவை கிடையாது. அவ்வளவு பெரிய வயிற்றை ஒரே இழுப்பில் வனைந்தால், தோள் திரும்பும் இடத்தில் தன் எடையிலேயே உட்கார்ந்துவிடும். அதனால் இரண்டு பெரிய கிண்ணங்களாக வனைந்து, ஒன்றை மற்றொன்றின் மேல் கவிழ்த்து ஒட்டுவார்கள்.

அளவு: காய்ந்து சுட்டு முடிப்பதற்குள் பீங்கான் 15 முதல் 18 சதவீதம் சுருங்கும். கையில் 40 செ.மீ. சாடி வேண்டுமானால் பச்சையில் 47 முதல் 49 செ.மீ. இருக்க வேண்டும். இரண்டு கிண்ணங்களின் விளிம்பு விட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். கண்ணளவு போதாது, குச்சியோ கவராயமோ வைத்து அளப்பார்கள்.

பதம்: வனைந்த உடனே ஒட்டினால் கீழ்க் கிண்ணம் நசுங்கும். அதிகம் காய்ந்தபின் ஒட்டினால் பிடிக்காது. விரலால் அழுத்தினால் தடம் விழாமல், நகத்தால் கீறினால் கோடு விழும் பதம். அதைவிட முக்கியம் இரண்டும் ஒரே ஈரத்தில் இருப்பது. ஒன்று முந்திக் காய்ந்திருந்தால் இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கி, இடுப்பைச் சுற்றி மோதிரம் போல விரிசல் ஓடும். பச்சையில் கண்ணுக்குத் தெரியாது, சூளை திறக்கும்போதுதான் தெரியும்.

ஒட்டு: இரண்டு விளிம்பையும் கீறிவிட்டு, அதே மண்ணின் குழம்பைத் தடவி அழுத்துவார்கள். குழம்பு தண்ணீராக இருந்தால் அந்த இடம் மட்டும் கூடுதலாகச் சுருங்கிப் பிளக்கும். பிறகு மேல் கிண்ணத்தின் அடியை அறுத்துத் திறந்து, சக்கரத்தைச் சுற்றியபடி அதையே வாயாக்குவார்கள். அந்த வாய் வழியாகக் கையை விட்டு உள்பக்க ஒட்டை நீவி அழுத்த வேண்டும். வெளியே எவ்வளவு வழித்தாலும், உள்ளே நீவாத ஒட்டு நிற்காது. ஒன்றிரண்டு நாள் துணியோ பிளாஸ்டிக்கோ போர்த்தி ஈரத்தைச் சமப்படுத்தி, அதன் பிறகே அடி வளையம் சீவுவார்கள். அடியை அதிகம் மெலிதாக்கினால் சூளையில் வயிறு தரையைத் தொடும்.

சூடு: முதல் சுடல் 800 முதல் 900 டிகிரி. மெருகு (சூட்டில் உருகிக் கண்ணாடி போல மூடும் பூச்சு) தோய்த்தபின் இரண்டாவது சுடல் 1250 முதல் 1300 வரை. இந்தச் சூட்டில் பீங்கான் பாதி இளகும். மேல் பாதியின் எடை முழுவதும் இடுப்பு ஒட்டில் இறங்கும். அங்கேதான் சாடி சற்றே அமுங்குகிறது. விறகுச் சூளையில் தீப்பக்கம் கூடுதலாகச் சுருங்கி, சாடி அந்தப் பக்கம் தலை சாயும். அருங்காட்சியகத்தில் நீங்கள் பார்க்கப்போகும் கோணல்களில் பெரும்பகுதி இவை இரண்டால் வந்தவை.

நிறம்: காற்றைக் குறைத்துப் புகைச்சூட்டில் சுட்டால் மண்ணிலும் மெருகிலும் உள்ள சிறிது இரும்பு நீல வெண்மை தரும். காற்று அதிகம் புகுந்தால் அதே மண் யானைத்தந்த நிறத்துக்குப் போகும். புகைச்சூட்டைத் தாமதமாகத் தொடங்கினால் மெருகு உருகி மூடிக்கொண்டு உள்ளே மஞ்சள் தங்கிவிடும். மிக முன்பே தொடங்கினால் கரி சிக்கிச் சாம்பல் நிறமாகும்.

#4 கொரியக்கிளி

பேச்சுப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

அழைக்கும்போது பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். 'ஜாக்கானிம்' என்றால் கலைஞரே என்று மரியாதை. வயதில் மூத்தவர், கற்பிப்பவர் என்றால் 'சொன்செங்னிம்'. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் வாங்குங்கள். அது பெரும்பாலும் அவரே வனைந்ததாக இருக்கும். குடித்து முடித்துத் திருப்பி அடி வளையத்தைப் பாருங்கள். மட்பாண்டக்காரர் எவருக்கும் நீங்கள் விஷயம் அறிந்தவர் என்று இந்த ஒரு செயலே சொல்லிவிடும். படம் எடுக்குமுன் 'சாஜின் ஜிகொதோ த்வேயோ?' என்று கேளுங்கள். பச்சைச் சாடியைத் தொடவே வேண்டாம். சுட்டதை மட்டும், கேட்டுவிட்டு.

"உங்களுக்கு அகத்தூண்டுதல் எங்கிருந்து வருகிறது?" என்ற கேள்வியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். ஒன்று, நிருபர்கள் எல்லோரும் கேட்டுத் தேய்ந்த கேள்வி, தேய்ந்த பதில்தான் வரும்: "இயற்கை", "மண்". இரண்டு, கொரியத்தில் அதற்கான சொல் 'யோங்காம்'. அதே ஒலிக்குக் கிழவர் என்றும் பொருள் உண்டு. முழு வாக்கியத்தில் யாரும் குழம்ப மாட்டார்கள். செயலியில் ஒற்றைச் சொல்லாகத் தட்டினால் என்ன வருமோ!

செயலி: பாப்பாகோ கொரியத்துக்கு நன்றாக வேலை செய்யும். தமிழிலிருந்து நேராகப் போகாமல் ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாகக் கொடுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு கேள்வி. ஐந்து சொற்களை மட்டும் காதுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்: ஹக் (மண்), முல்லே (சக்கரம்), காமா (சூளை), யூயாக் (மெருகு), புல் (தீ). இவை காதில் விழுந்தால் பேச்சு எந்தப் பக்கம் போகிறது என்று பிடித்துக்கொள்ளலாம்.

தமிழிலும் கொரியத்திலும் அப்பா, அம்மா ஏறக்குறைய ஒன்றுபோல ஒலிப்பதைச் சொல்லித் தொடங்கலாம், சிரிப்பார்கள். அங்கிருந்து, கடல் கடந்து வந்து கொரிய அரசரை மணந்ததாகச் சொல்லப்படும் 'ஆயுத' என்ற நாட்டின் இளவரசி கதைக்குத் தாவி அரை மணி நேரத்தைத் தின்றுவிடாதீர்கள். அந்தக் கதைக்கு ஊர் கிம்ஹே, இச்சொன் இல்லை.

#5 நூலகப்பூச்சி

சூளைச்சாம்பல் எல்லாவற்றையும் எடைக்கும் சூட்டுக்கும் தள்ளிவிட்டார். நிலாச்சாடியின் கோணல் வெறும் விபத்து என்றால், அரச சூளையில் அதை உடைத்துப் போட்டிருப்பார்களே?

பின்னணி: கொரியாவை அன்று ஆண்ட சோசொன் அரசின் சூளைகள் கியோங்கி குவாங்ஜு வட்டாரத்தில் இருந்தன. விறகு தீரத் தீர, ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டே இருந்து, 1752-இல் பூன்வொன் என்ற இடத்தில் நிலைத்தன. நிலாச்சாடிகள் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியும் 18-ஆம் நூற்றாண்டும். 1592-இல் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பும், அதன்பின் மஞ்சூப் படையெடுப்புகளும் நாட்டை உலுக்கியிருந்தன; நீலம் தீட்டும் கோபால்ட் இறக்குமதிச் சரக்கு, தட்டுப்பாடு. கன்பூசிய எளிமையும் சேர்ந்து அலங்காரமில்லாத வெண்மையை அரசவையின் சுவையாக்கியது.

கலை வரலாற்றாளர் கோ யூசொப் (1905–1944) கொரியக் கலைக்குச் சொன்ன சொல் ஒன்று இன்றும் வழங்குகிறது: நுட்பமற்ற நுட்பம். கோணலை ஏற்கும் மனம் என்று ஒன்று இருந்தது, அது படைப்பு மனம்தான் என்பது என் கட்சி.

#6 சூளைச்சாம்பல்

பூச்சி சார், ஏற்றுக்கொண்டார்கள் என்பதும் வேண்டுமென்று செய்தார்கள் என்பதும் ஒன்றில்லை. வனைந்தவர் விளிம்பை அளந்துதான் ஒட்டியிருக்கிறார். வட்டமாக வரவேண்டும் என்றே உழைத்திருக்கிறார். கோணலுக்கு ஆசைப்பட்டவர் எதற்கு அளக்கிறார்? அவை அந்தக் காலத்தில் அரிசி, மது, சோயா சாறு வைத்த பாத்திரங்கள். சில பழைய சாடிகளில் வயிற்றில் பழுப்புத் திட்டு இருக்கும், போதுமான சூடு படாத இடத்தில் உள்ளே வைத்த திரவம் ஊறி வந்த கறை. இன்று அதையும் மேகம் படர்ந்த நிலா என்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. அந்த அழகைக் கண்டவர் பார்த்தவர், வனைந்தவர் இல்லை.

நிலாச்சாடி என்ற பெயரே அதற்குச் சான்று. முன்பு பட்டியல்களில் 'வெள்ளைப் பீங்கான் பெரிய சாடி' என்றுதான் இருந்தது. நிலா என்ற பெயர் 20-ஆம் நூற்றாண்டில் பரவியது. ஓவியர் கிம் ஹ்வான்கி (1913–1974) இந்தச் சாடிகளைச் சேர்த்து வைத்துத் திரும்பத் திரும்ப வரைந்தவர். அந்தப் பெயர் பரவியதில் அவருக்குப் பங்கு உண்டு.

#7 நூலகப்பூச்சி

சரி, வனைந்தவரிடமிருந்து கண்டவருக்குப் படைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டீர்கள். அப்படியானால் இன்று வனைபவர்? அவர் கிம் ஹ்வான்கியின் ஓவியத்தையும் பார்த்துவிட்டு, கோ யூசொப்பையும் படித்துவிட்டுத்தானே சக்கரத்தில் உட்காருகிறார்? கண்டவரும் வனைந்தவரும் இப்போது ஒரே ஆள்.

#8 சூளைச்சாம்பல்

இது சரியான அடி. ஒத்துக்கொள்கிறேன். திண்ணைக்காரி, உங்கள் ஒரு மணி நேரத்துக்கான கேள்வி இதுதான். இன்று மின்சக்கரம் உண்டு, சலித்துப் பதப்படுத்திய மண் மூட்டையில் வருகிறது, எரிவாயுச் சூளையில் சூட்டைப் பத்து டிகிரிக்குள் நிறுத்தலாம். வட்டமாகவே செய்ய முடியும். பிறகு கோணல் எதற்கு?

பதில்கள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் விழும். ஒரு சாரார், கடைசி முடிவைத் தீயிடம் விட வேண்டும் என்று விறகுச் சூளையே வைத்திருப்பார்கள். பட்டை உரித்த பைன் விறகு, ஒரு நாள் முழுக்கத் தூங்காமல் எரிப்பு, ஆற இரண்டு மூன்று நாள். தீ தானாகச் செய்யும் மாற்றத்துக்கு 'யோப்யோன்' என்று தனிச்சொல்லே உண்டு. இன்னொரு சாரார், உருவம் சக்கரத்தில் முடிந்துவிட்டது, சூளை அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும் என்று எரிவாயுவில் சுடுவார்கள். மூன்றாவது சாரார் ஒட்டியபின் இடுப்பில் கையால் ஓர் அழுத்து அழுத்திக் கோணலை உண்டாக்குவார்கள். முதல் இரண்டு சாராரும் இவர்களை மதிப்பதில்லை, எனக்கும் அதில் ஒப்புதல்தான். ஆனால் அவர்களிடமும் கேளுங்கள். எவ்வளவு அழுத்துவது, எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு கணக்கு வைத்திருப்பார்கள்.

#9 பனைநிழல்

இடையில் ஒரு குறிப்பு. நம் ஊர்க் குயவர் பெரிய பானையைச் சக்கரத்தில் முழுதாக முடிப்பதில்லை. கழுத்தும் தோளும் வனைந்து, அடியைத் தடிமனாக அறுத்தெடுத்து, பதம் வந்ததும் உள்ளே கல் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி வயிற்றை விரித்து அடியை மூடுகிறார். பெரிய உருண்டை என்ற அதே சிக்கலுக்கு வேறு தீர்வு. கொரியாவிலும் இந்தத் தட்டு முறை உண்டு, ஆனால் பீங்கானில் இல்லை. கிம்ச்சி, சோயா விழுது வைக்கும் பழுப்பு நிற ஓங்கி சாடிகளில். வெளியே அடிக்கும் பலகைக்கு சூரே, உள்ளே தாங்கும் கட்டைக்கு தோகே. பீங்கான் மண்ணை அப்படி அடித்தால் விண்டு போகும்.

கைப்பேசியில் மானாமதுரைத் தட்டுப்பானை வேலையின் காணொளி ஒன்றை வைத்துக்கொண்டு போங்கள். மொழி இல்லாத இடத்தில் கை பேசும். கொரியத்தில் 'சொன்மாத்' என்று ஒரு சொல் உண்டு, நேர்ப்பொருள் கைச்சுவை. சமையலுக்குச் சொல்வது, கைவேலைக்கும் சொல்வார்கள். நம் கைப்பக்குவம்தான், அச்சு அசல்.

#10 திண்ணைக்காரி

அருமை. அப்படியானால் கேள்விகளை எந்த வரிசையில் வைக்க? ஒரு மணி நேரத்தில், செயலி தின்பது போக, எட்டுக் கேள்விக்கு மேல் முடியாது என்று நினைக்கிறேன்.

#11 கொரியக்கிளி

எட்டே அதிகம், ஐந்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே பொருளைச் சுட்டிக் கேட்பதாக இருக்கட்டும்.

தொடக்கம்: ஒரு சாடியைக் காட்டி 'இஉம்மேகா ஒதியேயோ?' ஒட்டு எங்கே? வாயால் சொல்லாமல் கையால் தடவிக் காட்டுவார். அந்தக் கை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

அடுத்து, கடைசிச் சூளையில் எத்தனை வைத்தீர்கள், எத்தனை எடுத்தீர்கள்? இது எண் கேள்வி, செயலி குழப்பாது. இந்த எண்ணைக் கேட்டதும் முகம் மாறும். பேச்சு அங்கேதான் உண்மையில் தொடங்கும்.

மூன்றாவது, வெளியே ஒதுக்கி வைத்த ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். ஏன் ஒதுக்கினீர்கள்? நான்காவது, விற்காமல் வைத்துக்கொண்ட ஒன்று எது? இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல நேரம் வெளியாளுக்கு வித்தியாசமே தெரியாது. அவருக்குத் தெரிவதும் உங்களுக்குத் தெரியாததும் எதுவோ, அதைத்தான் நீங்கள் படைப்பாற்றல் என்று தேடிப் போகிறீர்கள். சூளைச்சாம்பல் அண்ணன் சொன்ன 'வட்டமாக முடியும்போது கோணல் எதற்கு' என்பதைக் கடைசியில், இவ்வளவும் பார்த்தபின் கேளுங்கள். முதலிலேயே கேட்டால் குற்றம் சாட்டுவது போல இருக்கும்.

#12 சந்தேகத்தாமஸ்

குயவர் சுத்தியலால் சாடியை உடைக்கும் காட்சி இல்லாத கொரிய ஆவணப்படமே இல்லை. அது படத்துக்காக என்பது என் எண்ணம்.

#13 சூளைச்சாம்பல்

கேமரா முன் உடைப்பது படத்துக்காகத்தான். உடைப்பது பொய்யில்லை. விரிசல் உள்ள சாடி குறைந்த விலைக்கு வெளியே போனால், பத்து வருடம் கழித்து அதே பெயரில் சந்தையில் நிற்கும். அதைத் தடுக்க உடைக்கிறார்கள். எல்லோரும் உடைப்பதும் இல்லை. சிறு குறையுள்ளதைப் பட்டறையில் தனி அலமாரியில் விற்பவர்கள் உண்டு.

உடைந்தது எல்லாம் முடிந்துபோவதும் இல்லை. ஜப்பானில் நாரா ஊரின் ஒரு கோயிலில் இருந்த நிலாச்சாடியை 1995-இல் திருட வந்தவன் தரையில் போட்டு உடைத்தான், 300-க்கு மேற்பட்ட துண்டு. ஒசாகாவின் கீழைநாட்டு மட்பாண்ட அருங்காட்சியகத்தில் இன்று முழுச்சாடியாக நிற்கிறது.

#14 நூலகப்பூச்சி

போவதற்கு முந்தைய நாள் சியோலில் தேசிய அருங்காட்சியகத்தில் பழைய நிலாச்சாடியைப் பார்த்துவிடுங்கள், அந்த நெடில் இச்சோன் நிலையம். மூன்றாவது தளம், நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. கண்ணில் பழையது பதிந்த பிறகு புதியதைப் பாருங்கள். நேரம் மிஞ்சினால் இச்சொன் போகும் தடத்திலேயே கொன்ஜியாம் இறங்கி, கியோங்கி மட்பாண்ட அருங்காட்சியகம். அரச சூளைகளின் வரலாறு அங்கே.

இச்சொன் அரச சூளை இருந்த ஊர் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஓங்கி சூளைகள் இருந்த ஊர். கொரியப் போருக்குப் பின் அந்தச் சூளைகளை நம்பிக் கலைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். பச்சை மெருகுச் செலடானை மீட்ட யூ கன்ஹ்யொங் (1894–1993) அவர்களில் பெரியவர். 2010-இல் யுனெஸ்கோ இவ்வூரைக் கைவினைப் படைப்பு நகரமாக அறிவித்தது. அரிசியும் பெயர் பெற்றது. கல்சட்டிச் சோறும் பத்துப் பன்னிரண்டு தொடுகறியுமாக இலைச்சாப்பாட்டுக்கு இணையான சாப்பாடு கிடைக்கும். சைவம் என்றால் முன்பே சொல்லுங்கள், சாறு பெரும்பாலும் நெத்திலியில் தொடங்கும்.

#15 ரயில்பித்தன்

வாங்குவதாக இருந்தால்: விமானத்தில் கைப்பை பொதுவாக 55 × 40 × 20 செ.மீ. அதனால் 20 செ.மீ.க்கு மேல் விட்டமுள்ள உருண்டை கைப்பையில் வராது. அட்டைப்பெட்டிக்குள் அட்டைப்பெட்டி, நடுவில் எல்லாப் பக்கமும் குறைந்தது 5 செ.மீ. மெத்தை. சாடிக்குள் காகிதத்தை இறுக்கித் திணிக்காதீர்கள், அடி விழுந்தால் அதுவே உள்ளிருந்து தள்ளும். தளர்வாகப் போடுங்கள். பழைய பொருள் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள், ஏற்றுமதிக்கு அனுமதிச் சிக்கல். புதியதற்கு ரசீது போதும்.

முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று. எந்தக் கிழமை போகிறீர்கள்?

#16 திண்ணைக்காரி

திங்கள்.

#17 ரயில்பித்தன்

அந்த வட்டார அருங்காட்சியகங்கள் பொதுவாகத் திங்கள் விடுமுறை, யேஸ் பார்க்கில் பல பட்டறைகளும் பூட்டிக் கிடக்கும். கலைஞர் உங்களுக்காக மட்டும் திறப்பார். நிம்மதியாகப் பேசலாம், ஆனால் ஊர் பார்க்க முடியாது. செவ்வாய்க்கு மாற்ற முடியுமா என்று இன்றே கேளுங்கள்.

#18 சூளைச்சாம்பல்

எந்தக் கிழமையானாலும் சிறிய டார்ச் ஒன்று எடுத்துப்போங்கள். அனுமதி வாங்கி, சாடியின் வயிற்றை ஒட்டிப் பக்கவாட்டில் வெளிச்சத்தைப் பாய்ச்சினால், பகலில் தெரியாத ஒட்டு இடுப்பைச் சுற்றி மெல்லிய மேடாகத் தெரியும். அது நேர்க்கோடாக ஓடாது. ஓரிடத்தில் கீழே இறங்கியிருக்கும். சூளையில் தீ எந்தப் பக்கம் இருந்தது என்று அந்த இடத்தைக் காட்டிக் கேளுங்கள்.

#19 திண்ணைக்காரி

கேட்டுவிட்டேன், செவ்வாய் காலை 11 மணிக்கு வரச் சொல்லிவிட்டார். மதியச் சோறும் அங்கேயே என்கிறார். நெத்திலி விஷயத்தைக் கொரியத்தில் எப்படிச் சொல்வது, கிளி?

#20 கொரியக்கிளி

நெத்திலிக்கு 'ம்யொல்ச்சி'. 'ம்யொல்ச்சி பேஜுசேயோ' என்றால் நெத்திலியைத் தவிர்த்துவிடுங்கள். ஆனால் கிம்ச்சியில் மீன் சாறு இருக்கும், அதற்கு இது போதாது. 'சேங்சொன், கோகி அன் மொகொயோ' என்று சேர்த்துச் சொல்லுங்கள்: மீனும் இறைச்சியும் சாப்பிட மாட்டேன். எழுதியும் அனுப்பிவிடுங்கள், முந்தைய நாளே.